வைக்கோலுக்குப் போட்ட சட்டை

படம் எப்படி என்று பெரியம்மாள் கேட்டதற்கு, "சுமாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நிர்மலா களிக்கு உலை வைக்கப் போய்விட்டாள். தருமபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு என்று மாமியார் நினைத்துக்கொள்ளட்டும் என்று பார்த்தாள். பெரியம்மாள் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. பின்னாலேயே வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுமாருன்னா? நான் வர்றனா இல்லியா அதுல?"

"வர்றீங்க."

"நல்லா அழுவறனா?"

"நல்லாத்தான் அழுவறீங்க."

"அப்புறம் என்னா சுமாரு? என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போ. எம் பையன் எடுத்த படத்த ஊரே பாக்குது. நான் பாக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

"புளி வேலை முடியட்டுங்க அத்தை" என்றாள் நிர்மலா. அப்போது மாசி மாதம். பங்குனி கடைசி வரை புளி வேலை முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நடந்தது இதுதான். திரையில் பெரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது கொட்டகையே சிரித்தது. ஏதோ நாலு பொடிப்பயல்கள் மட்டும் இல்லை, பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் கையிலிருந்த பாப்கார்ன் சிந்தச் சிரித்தான். இதை வீட்டில் வந்து எந்த வாயால் சொல்வது?

படம் எடுத்த குரு, பெரியம்மாளின் இளைய மகன். காலேஜ் படிப்பை முடித்ததும் சினிமா என்று சென்னைக்குப் போனவன், யார் யார் பின்னாலோ அலைந்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டான். மூத்தவன் மாதவராஜ்தான் நிர்மலாவின் புருஷன். பெங்களூருக்கு டைல்ஸ் ஒட்டப் போனவன், கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது அங்கேயே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். எல்லையில் வண்டியை விடவில்லை. உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கு வந்தது அவன் தங்கியிருந்த அறையிலிருந்து ஒரு தகரப் பெட்டி மட்டும்தான்.

பிணம் வராத வீட்டில் ஒப்பாரி வைக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. போட்டோவுக்கு மாலை போட்டுக் காரியம் செய்தார்கள். பெரியம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்படியும், எந்தச் சாவானாலும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி எடுத்துக்கொடுக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு வாய் திறக்கவில்லையே என்று பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நிர்மலாவும் அழவில்லை. பெற்றவளே அழாத வீட்டில் வந்தவள் எப்படி ஆரம்பிப்பது என்று இருந்துவிட்டாள். பிறகு மாடு, கொல்லை, புளி என்று அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

குருவின் படத்துக்குப் பெயர் 'வைக்கோல் வேட்பாளர்'. மழை இல்லாத ஓர் ஊரில் கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள். அந்த வைக்கோல் பொம்மை சுடுகாட்டு வழியில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறது. அப்புறம் வெள்ளை வேட்டி சட்டைக்கு மாறி எலெக்‌ஷனில் நிற்கிறது, ஜெயிக்கிறது. நடுவில் ஒரு காதல், ஒரு பேய், ஒரு கொலைக்கேஸ், சட்டசபையில் வெள்ளாடுகள் பாடுகிற பாட்டு ஒன்று. கடைசியில் ஊர்க்காரர்களே அதற்குப் பழைய சட்டையை மறுபடி மாட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். இதைத்தான் இரண்டே கால் மணி நேரத்துக்கு எடுத்திருந்தான்.

கொடும்பாவி அந்தப் பக்கத்தில் நிஜமாகவே உண்டு. ஊரில் எவனோ செய்த பாவத்தால்தான் மழை நின்றது என்று வைக்கோலில் ஓர் ஆளைக் கட்டி, பாடையில் வைத்துப் பெண்கள் கூடி அழுவார்கள். அழுது முடித்ததும் அதே பெண்கள் விளக்குமாற்றால் அடித்து, தெருத்தெருவாக இழுத்துப்போய்க் கொளுத்துவார்கள். அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. பெயர் சொல்லி அழக்கூடாது. அதற்கு உடுத்துகிற துணியும் எந்த வீட்டுத் துணியாகவும் இருக்கக்கூடாது. சோளக்கொல்லையில் குருவி விரட்டக் கட்டின பொம்மையின் கந்தலைத்தான் உருவி வந்து மாட்டுவார்கள்.

போன சித்திரையில் அந்தக் காட்சியை எடுத்தபோது கொல்லையில் சோளமும் இல்லை, பொம்மையும் இல்லை. சினிமாக்காரர்கள் கொண்டுவந்த சட்டை மடிப்புக் கலையாமல் பளபளவென்று இருந்தது. கடையில் தொங்குகிற மாதிரி இருக்கிறது, ஆள் போட்ட சட்டை வேண்டும் என்று குரு கத்திக்கொண்டிருந்தான். "நான் கொண்டாறேன் இரு" என்று பெரியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். நிர்மலா அன்றைக்கு ஏரியில் நூறு நாள் வேலையில் இருந்தாள். மாமியார் மாதவராஜின் பெயரைச் சொல்லி அழுதாள் என்பது மட்டும்தான் சாயங்காலம் அவள் காதுக்கு வந்தது. சட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அதைத் தியேட்டரில்தான் பார்த்தாள். தகரப் பெட்டியில் வந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. மேலிருந்து இரண்டாவது பித்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. மாதவராஜ் கடைசியாகப் பெங்களூருக்குக் கிளம்பிய காலையில் வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோய், அவசரத்துக்கு அவள் கையால் தைத்தது. பெரிய திரையில் அந்தப் பித்தான் சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. கொட்டகை சிரிக்கச் சிரிக்க அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க ராயம்மாள் வீட்டு வாசலில் புளி தட்டினார்கள். மண்டியிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லில் வைத்து இரும்பால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை பிதுங்கும். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். அதற்குப் பிறகு உப்பு போட்ட எதைத் தொட்டாலும் சுரீர் என்று ஏறும். ராயம்மாள் மாதா கோயில் தெருக்காரி, புளி வேலையில் பெரியம்மாளுக்கு இருபது வருஷக் கூட்டாளி. அவள் மகள் மோனிஷா ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருந்தாள். புளியைத் தொடாமல் போனைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"குரு அண்ணன் படத்துக்கு ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல நாலு ஸ்டார் குடுத்திருக்காங்க" என்றாள். "இது பேய்ப்படமா, அரசியல் படமா, காதல் படமாங்கிற கேள்வியவே படம் கொளுத்திடுதுன்னு போட்டிருக்காங்க."

"கொளுத்தட்டும். நீ அந்த முறத்த இப்படித் தள்ளு" என்றாள் ராயம்மாள்.

"யூடியூப்ல ஒருத்தன் வேற மாதிரி சொல்றான். டிக்கெட்டோட ஒரு தலைவலி மாத்திரையும் குடுத்தாத் தேவலையாம். மூணு படத்த மிக்ஸில போட்டு மூடியத் தெறந்து வச்சு ஓட்டின மாதிரி இருக்குதாம்."

"அவன் வூட்டு மிக்ஸியா? ஏன் அவனுக்கு வயித்தெரிச்சல்?" என்றாள் பெரியம்மாள். "என்னையப் பத்தி எவனாச்சும் சொல்றானா பாரு."

நிர்மலா நிமிர்ந்து மோனிஷாவைப் பார்த்தாள். கண்ணால் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாருமே உங்களத்தான் சொல்றாங்க பெரியம்மா. இவரு நீளமா எழுதியிருக்காரு, கேளுங்க. 'படத்தின் உச்சம் அந்த மூதாட்டியின் ஒப்பாரி. தமிழ் சினிமாவில் இதுவரை அழுத அத்தனை அம்மாக்களையும் அந்த ஒரே அழுகை கேலி செய்துவிடுகிறது. அரங்கம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது.'"

இரும்புச் சத்தம் நின்றது.

"மூதாட்டின்னா ஆரு, நானா?"

"ஆமாங்க பெரியம்மா."

"எனக்கு இன்னும் ஒரு பல்லு விழல. சரி, அத வுடு. நான் ஆரைக் கேலி செஞ்சனாம்?"

மோனிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நெட் போய்விட்டது என்று எழுந்து உள்ளே போனாள். நிர்மலா கொட்டையை விட்டுவிட்டுக் கட்டை விரலில் தட்டிக்கொண்டாள்.

"படிச்சவனுங்க எதாச்சும் எழுதுவானுங்க அக்கா. பொழுது போவணுமில்ல" என்று ராயம்மாள் பேச்சை மாற்றினாள். பெரியம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் நிர்மலாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "சட்டை விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும் நிர்மலா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். பெத்த புள்ள சட்டைய எடுத்துக் கொடும்பாவிக்குப் போட்டுட்டாளேன்னு ஊருல பேசறாங்க. அதுலயும் பேரு வேற சொல்லிட்டாளா, பாவத்த அவன் தலையில வச்சுட்டாளாம்."

"அந்த வாரமே மழை பேஞ்சுதே, அதப் பேசலியா?"

"அதையும்தான் பேசறாங்க. நெசமா இழுத்தப்பகூட வராத மழை சினிமாவுக்கு இழுத்ததும் வந்துட்டுதேன்னு. பேசறவங்களுக்கு என்னா."

புதன்கிழமை குரு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்து, ஒரு வாரத் தாடியோடு இருந்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியம்மாளின் புருஷன் தீர்த்தகிரி, மகனை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்தது உனக்காச்சும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். "பாதி புரிஞ்சுதுங்கப்பா" என்றான். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மூத்தவன் போனதிலிருந்து அவர் பேச்சு அவ்வளவுதான். அந்தத் தகரப் பெட்டி இருக்கிற அறைப் பக்கம்கூட அவர் போவதில்லை. பெரியம்மாள் மகனுக்குப் பிடிக்கும் என்று அவரைக்காய்க் குழம்பு வைத்து, களியைத் தட்டில் மலை மாதிரி குவித்தாள். அவன் பாதியில் கை கழுவிவிட்டான்.

சாயங்காலம் நிர்மலா பால் கறக்கப் போனபோது, கன்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அவனும் வந்தான்.

"படத்த நீளங்கறாங்க அண்ணி. இருவது நிமிஷம் வெட்டச் சொல்றாரு புரொடியூசர். எத வெட்டறதுன்னே தெரியல. ஒருத்தன் ஆட்டுப் பாட்ட வெட்டுங்கறான், ஒருத்தன் பேய வெட்டுங்கறான். ஆனையத் தடவிப் பாத்த குருடனுங்க கதைதான்."

"அத்தை அழுவறத வெட்டிடு தம்பி."

கன்று இழுத்த இழுப்புக்கு அவன் இரண்டு எட்டு நகர்ந்தான். "அது ஒண்ணத்தான் அண்ணி எல்லாருமே நல்லாருக்குன்னு எழுதறாங்க. வெளிநாட்டு விழாவுல கேக்கறதே அந்த சீனுக்காகத்தான். அத எடுத்தா கதையே நிக்காது."

"இப்ப மட்டும் நிக்குதா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உங்கண்ணன் சட்டைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"கேமரா ஓடறப்பத்தான் பாத்தேன். நிறுத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணனுக்காக அம்மா அழுவறத அன்னிக்குத்தான் அண்ணி மொதமொதல்ல பாக்கறேன். எப்படி நிறுத்தறது சொல்லுங்க."

"ஜனம் சிரிக்குது தம்பி."

"சிரிக்கிறவன் தொண்டையில அது நிக்கணும்னுதான் எடுத்தேன்."

"நிக்கலையே. நான் பாத்தேன், ஒருத்தன் தொண்டையிலயும் நிக்கல. பாப்கார்னுகூட நிக்கல. அத்தை பாக்கணும் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அவங்க அழுகைக்கு ஜனம் சிரிக்கிறத அவங்க காதால கேக்கணுமா? வருஷக்கணக்கா அடக்கி வச்சு ஒரு தடவை அழுதாங்க." அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அந்தச் சட்டை இப்ப எங்க?"

குரு கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். "கடைசி சீன்ல எரிஞ்சிடுச்சு அண்ணி."

நிர்மலாவுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் தெம்பில்லை. விடியற்காலை பஸ்ஸுக்கு அவன் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை காலையில் பெரியம்மாள் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ வந்தா வா. இல்லைன்னா நான் தனியாப் போறேன். தருமபுரி எனக்கு என்னா தெரியாத ஊரா?"

தனியாக விட்டால் அந்தச் சிரிப்பைத் தனியாகக் கேட்பாள். நிர்மலா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பெரியம்மாள் முந்தானையில் முடிந்த வறுத்த கடலையைத் தின்றுகொண்டே வந்தாள். மலைப் பக்கம் வெயில் இப்போதே ஏறிவிட்டதைப் பற்றியும், இந்த வருஷம் புளி சின்னதாகக் காய்த்திருப்பதைப் பற்றியும் பேசினாள்.

மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் இல்லை. முன்வரிசையில் காலேஜ் பையன்கள் ஒரு பத்துப் பேர். விளக்கு அணைந்தது. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் பாடை வந்தது. திரையில் பெரியம்மாள் தலைமயிரை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பெங்களூரு போன மகன்
பொங்கலுக்கு வாரேன்னான்
பொங்கல் பல போச்சுதய்யா
பொட்டியில சட்ட வந்துதய்யா
மாதவா…"

முன்வரிசை சிரித்தது. ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் அந்த ராகத்தை அப்படியே திருப்பிப் பாடினான். நிர்மலா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். புளியால் வெடித்து அரம் மாதிரி இருந்த கை. எழுந்து போய்விடலாங்க அத்தை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

திரையில் வைக்கோல் விரல் அசைந்தது. பாடைமேல் இருந்தது எழுந்து உட்கார்ந்தது. கயிற்றைப் பிய்த்துக்கொண்டு நின்றது. கேமராவைக் கீழே வைத்து எடுத்திருந்தார்கள். நீலக் கட்டச் சட்டை கொட்டகைக் கூரை வரைக்கும் நின்றது. அடிக்க வந்த பெண்கள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அது தோளைச் சொறிந்துகொண்டு, "அம்மா, ஒரு டீ வைய்யி" என்றது. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது.

பெரியம்மாள் கடலை மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

"எந்திரிச்சுட்டான்" என்றாள்.

"அத்தை…"

"எந்திரிச்சதும் டீதான கேப்பான். பல்லுகூட வெளக்க மாட்டான். பாத்தியா நிர்மலா?"

நிர்மலா பார்த்தாள். போன தடவை அந்த டீ அவள் காதில் விழவே இல்லை. பித்தானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். குரு இதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறான். அண்ணன் காலையில் எப்படி எழுந்து எப்படித் தோளைச் சொறிவான் என்பதை நடிகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவனும் அவன் வழியில் அழுதிருக்கிறான். அவளுக்கு மட்டும்தான் பாக்கி இருந்தது. முன்வரிசை சிரித்து ஓய்வதற்குள் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெரியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

இடைவேளையில் பெரியம்மாள் எழுந்துவிட்டாள். "போதும். எந்திரிச்சு நடந்து போறான். அத்தோட இருக்கட்டும்." நிர்மலாவுக்கு அப்பாடா என்று இருந்தது. கடைசியில் அது எரிவதை மாமியார் பார்க்க வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் மாமியாரை நிழலில் உட்கார வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று தள்ளிப் போய்க் குருவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த சீன வெட்டாத. இருக்கட்டும். சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."



"வெட்டியாச்சு அண்ணி. நேத்தே குடுத்துட்டேன். நாளைக்கு மொத ஆட்டத்துல இருந்து எல்லா ஊருலயும் புதுசுதான் ஓடும். அழுவறது, எந்திரிக்கிறது ரெண்டும் இல்ல, நேரா ஓட்டுக் கேக்கப் போறதுல இருந்து ஆரம்பிக்குது. நீங்க சொன்னதுதான் சரின்னு தோணுச்சு அண்ணி."

"திருப்பி வைக்க முடியாதா?"

"இனிமே அவங்க காசு போட மாட்டாங்க. என்கிட்ட பழசு இருக்குது. உங்க போனுக்கு அனுப்பி வைக்கிறேன்."

போனில் மாதவராஜ் விரல் உயரத்துக்குத்தான் நிற்பான். கடைசியில் அந்தச் சட்டையோடு கொளுத்துகிறார்களே, அது இருக்கிறதா என்று மட்டும் நிர்மலா கேட்டாள். அது இருக்கிறது என்றான்.

டீயோடு திரும்பி வந்தபோது பெரியம்மாளின் முகம் தெளிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நிர்மலா இப்படிப் பார்த்ததில்லை. டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள்.

"என்னா ஒசரம் நின்னான் பாத்தியா? நம்ம வூட்ட விட ஒசரம்" என்றாள். "உங்க மாமன் அந்தப் பொட்டிப் பக்கம்கூடப் போவாத மனுசன். நாளைக்கு அவரையும் கூட்டியாரணும் நிர்மலா. வர மாட்டேன்னுதான் சொல்லுவாரு, வுடக்கூடாது. அவரும் ஒரு தடவை பாக்கட்டும், எந்திரிக்கிறத."

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினான்.

"சரிங்க அத்தை" என்றாள் நிர்மலா.